எண்ணூருக்கு ஒரு சிறிய மின்சாரம்

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியாக வளர்ந்து 1960களில் அதே ஊரில் டயர் வார்த்தது. எம்.ஆர்.எஃப். வரலாற்றைச் சொல்பவர்கள் பலூனை ஒரு வரியில் முடித்துவிட்டு டயருக்குத் தாவிவிடுவார்கள். இயற்பியலின் பக்கம் நின்று பார்த்தால் டயரைவிட பலூன்தான் விளங்கக் கடினமான பொருள். தலைமுடியில் தேய்த்த பலூன் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உராயும்போது மின்னூட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். எது அதைப் போகத் தூண்டுகிறது என்று கேட்டால் புத்தகத்தில் பதில் இருக்காது. கிரேக்கத்துத் தேலீஸ் ஆம்பரைத் தேய்த்துப் பார்த்ததாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் கேள்வி இது. 2019இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஸ்ஸி, லின், மார்க்ஸ் மூவரும் ஒரு விடையை முன்வைத்தார்கள். எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் உராயும்போது அந்த மேடுகள் அழுந்துகின்றன, வளைகின்றன, இழுபட்டு விடுபடுகின்றன. நானோமீட்டர் அளவில் நடக்கும் அந்த வளைவே சில வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கி மின்னூட்டத்தை நகர்த்தப் போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரே பொருளின் இரு துண்டுகளை உரசினாலும் மின்னூட்டம் வருவது பழைய விளக்கங்களுக்குச் சங்கடமாக இருந்தது. இந்த விளக்கத்தில் அது இயல்பாகப் பொருந்திவிடுகிறது. ஆக, திருவொற்றியூர்க் கொட்டகையில் ஊதப்பட்ட அந்த மெல்லிய ரப்பர்ப் படலம், அப்போது பெயரே இல்லாத ஒரு மின்விளைவைத் தன் மேல்தோலில் வைத்திருந்திருக்கலாம்.

இப்போது அதற்குப் பெயர் உண்டு: ஃபிளெக்சோ மின்விளைவு, அதாவது வளைவு மின்விளைவு. அதன் தருக்கம் எளிது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்தால் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, நடுவே ஒரு தளம் இரண்டும் இல்லாமல் இருக்கிறது. இந்த நீட்சி, சுருக்கத்தின் அளவான திரிபு ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் போகப் போக மாறிக்கொண்டே வருகிறது. இந்த மாற்றத்தின் செங்குத்துத்தன்மைக்குத் திரிபுச் சரிவு என்று பெயர். நீளும் பக்கத்தில் அணுக்கள் விலகுகின்றன, சுருங்கும் பக்கத்தில் நெருங்குகின்றன. நேர்மின்னூட்டத்தின் மையமும் எதிர்மின்னூட்டத்தின் மையமும் ஒரே அளவு நகர்வதில்லை. அந்தச் சிறு விலகல்தான் மின்முனைவாக்கம். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட, அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீசோ மின்விளைவு இதற்கு அண்ணன் முறை. ஆனால் அது தேர்ந்தெடுத்துத்தான் வரும். சமச்சீர் மையம் உள்ள படிகத்தை எவ்வளவு அழுத்தினாலும் இருபுறமும் சமமாகவே நகர்ந்து, மொத்த விளைவு சுழியாகிவிடும். 32 படிக வகுப்புகளில் 20 மட்டுமே பீசோவுக்கு இடம்கொடுக்கின்றன. வளைவுக்கு அந்தத் தடை கிடையாது. வளைக்கும் செயலே மேலையும் கீழையும் வேறாக்கிவிடுவதால், சமச்சீரை வளைவு தானே உடைத்துவிடுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத எந்தப் பொருளும் வளைந்தால் கொஞ்சமாவது முனைவாகியே தீரும். சீராக விழும் பாரம் ஒன்றும் செய்யாத இடத்தில் சீரற்ற பாரம் மின்சாரத்தை எழுப்புகிறது என்பதை எடுத்து வடசென்னைக்கு ஒரு உருவகம் கட்டிவிடலாம், கவிதைக்கும் நன்றாக வரும். அந்த ஆசையை விட்டுவிடுவோம். உருவகத்தைவிட இதன் அளவுகள் நமக்கு அதிகம் கற்றுத்தரும்.

1957இல் சோவியத் ஒன்றியத்தில் மாஷ்கேவிச்சும் டோல்பிகோவும் கோட்பாட்டளவில் இதைத் தொட்டார்கள். 1964இல் கோகன் அளவை மதிப்பிட்டார். மதிப்பு மிகச் சிறியதாக வந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. 1969இல் ராபர்ட் மேயர் திரவப் படிகத்தில் இதைப் போன்ற ஒன்றைக் காட்டினார். அந்தக் கிளையில் இந்தியாவுக்கும் இடமுண்டு: பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதுசூதனா, பிரெஞ்சுக்காரர் துராந்துடன் சேர்ந்து 1985இல் திரவப் படிகங்களின் வளைவு மின்விளைவை ஒளியைக் கொண்டு அளந்தார். திண்மங்களின் பக்கம் கதை மீண்டும் சூடுபிடித்தது 2000க்குப் பிறகுதான். பொருள் மாறவில்லை, அதன் தடிமன்தான் மாறியது. சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களை வளர்க்க ஆய்வகங்கள் கற்றுக்கொண்டன. 2012இல் ஒரு குழு, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் பேரியம் டைட்டனேட் படலத்தை அழுத்தியே அதன் முனைவின் திசையைத் திருப்பிக் காட்டியது. மின்னழுத்தம் எதையும் கொடுக்கவில்லை, அழுத்தம் மட்டுமே. 2016இல் உமேஷ் பாஸ்கரும் பார்சிலோனாவின் குஸ்தாவ் கத்தலானும் உள்ளிட்ட குழு, சிலிக்கான் மீது ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மென்படலத்தால் ஒரு நுண்கரம் செய்தது. மின்புலம் கொடுத்தால் அது வளையும். திறனில் அது ஈயம் கலந்த பீசோ சாதனங்களுக்கு ஈடாக நின்றது.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லட்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு ஒன்று, 10 நானோமீட்டர் தடிமனுள்ள படலம் ஒன்று. இரண்டையும் மேற்பரப்பு 0.1 சதவீதம் நீளும் அளவுக்கு வளைக்கிறோம். தகட்டில் திரிபுச் சரிவு மீட்டருக்கு 2. படலத்தில் அது மீட்டருக்கு 2 லட்சம். இந்தச் சரிவை மின்புலமாக மாற்றும் எண் பெரும்பாலான திண்மங்களில் 1 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். 5 என்று கொள்வோம். தகட்டுக்குள் எழும் மின்புலம் மீட்டருக்கு 10 வோல்ட். படலத்துக்குள் மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட். இந்த இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பத்திரிகைச் செய்திகள் எதிர்கால மின்சாரம் என்று எழுதுகின்றன. மூன்றாவது எண்ணையும் சேர்த்துப் படித்தால் உற்சாகம் வேறு பக்கம் திரும்பும். இரு முகங்களுக்கு இடையிலான மின்னழுத்தம் என்பது மின்புலத்தைத் தடிமனால் பெருக்கிய மதிப்பு. தகட்டில் அது 10 மில்லிவோல்ட். படலத்திலும் அதே 10 மில்லிவோல்ட். லட்சம் மடங்கு மெலிந்தும் சைகை குறையவில்லை, ஆனால் ஒரு துளிகூடக் கூடவும் இல்லை. இந்த விளைவின் முழுக் குணமும் இந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். எவ்வளவு மெலிந்தாலும் இது உணர்வதில் பின்தங்காது. உற்பத்தி செய்வதில் என்றும் ஏழைதான்.

வடசென்னையின் எண்ணூரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்சாரத்தை மெகாவாட்டில் மட்டுமே நினைக்கப் பழகிய ஊர் இது. 1970இல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500 என்று வந்துவிட்டன. 2001இல் திறந்த துறைமுகமே முதலில் இந்த உலைகளுக்கு நிலக்கரி இறக்கத்தான் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் சுத்தமான மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டாலே நாக்கில் நீர் ஊறுவது நியாயம். நடைபாதையில் மிதித்தால் மின்சாரம், கண்டெய்னர் லாரி ஏறி இறங்கும் சாலையில் மின்சாரம், அலை அடித்து வளையும் படலத்தில் மின்சாரம் என்று திட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர் நடைபாதை ஓடு ஒன்றை மிதித்து அது 5 மில்லிமீட்டர் இறங்கினால் கிடைப்பது 3 ஜூல். ஒரு லட்சம் மிதிகளைச் சேர்த்து, ஒரு துளியும் வீணாகாமல் மாற்றினாலும் ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 210 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நொடியில் 58 யூனிட் தருகிறது. வளைவு மின்விளைவின் கணக்கு இதைவிட மோசம். நம் 10 நானோமீட்டர் படலத்தில், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டாக இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு வளைவுக்குச் சேமிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு நானோஜூல். நொடிக்கு 10 முறை விடாமல் வளைத்தாலும் ஒரு யூனிட் சேர 80 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லாரிச் சாலையைப் பொறுத்தவரை இன்னொரு சங்கதியும் உண்டு: அந்த ஆற்றலும் லாரியின் டீசலிலிருந்துதான் வரவேண்டும். சிறியதைப் பெரியதன் வேலைக்கு அனுப்பினால் அது தோற்கும். பிறகு அதன் சொந்த வேலையிலும் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

அதன் சொந்த வேலை எது? உடம்பைப் பார்த்தால் ஒரு குறிப்பு கிடைக்கிறது. எலும்பு அழுத்தத்தில் மின்சாரம் தருகிறது என்று 1957இல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசூடாவும் காட்டியபோது காரணமாகக் கருதப்பட்டது கொலாஜன். அந்தக் கொலாஜனின் முப்புரி அமைப்பைக் கண்டது சென்னைப் பல்கலைக்கழகம்: 1954-55இல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆனால் எலும்பின் மின்சாரம் முழுவதையும் கொலாஜன் கணக்கில் எழுத முடியாது என்று 2018இல் கத்தலானின் குழு காட்டியது. கொலாஜன் இல்லாத எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டே வளைத்தால் முனைவாகிறது. எலும்பில் ஒரு நுண்விரிசல் விழுந்தால் அதன் நுனியில் திரிபு மிகச் செங்குத்தாக மாறுகிறது, அங்கே மின்புலமும் உச்சத்தைத் தொடுகிறது. பக்கத்திலுள்ள செல்களுக்கு இங்கே உடைந்திருக்கிறது என்று அது தெரிவித்துப் பழுதுபார்ப்பைத் தொடங்கிவைக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. உள்காதின் மயிர்ச் செல்களிலும் இதே விளைவு வேலை செய்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். செல்லைச் சுற்றிய சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தானே. இவை முற்றாக நிறுவப்பட்டவை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் இரண்டு இடத்திலும் இதற்கு இருப்பதாக ஊகிக்கப்படும் வேலை ஒரே வகையானது. உடம்பு தன் உணவை வளைவிலிருந்து எடுப்பதாக யாரும் சொல்லவில்லை. விரிசலை அறிவதும் ஒலியை அறிவதும்தான் பேச்சு.

இப்போது எண்ணூரின் விரிசல்களுக்கு வருவோம். வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் பல ஆண்டுகளாக வெடித்தும் கசிந்தும் கொசஸ்தலை ஆற்றையும் கழிமுகத்தையும் மேடாக்கின. கசிவை முதலில் கண்டது பெரும்பாலும் வலை போடப் போனவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் உறங்கியவர்கள் மூச்சுத் திணறி எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் புயலில் நகர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பிறகு ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு கருதியது. அப்படியானால் குழாயின் ஒரு புள்ளியில் பாரம் சீரற்று விழுந்திருக்கும். உலோகம் அங்கே மட்டும் வளைந்திருக்கும். வளைவு மின்விளைவு எதைப் பிடிப்பதில் வல்லதோ, சரியாக அந்த நிகழ்வு. அதைப் பிடிக்க அங்கே மனித நுரையீரல்தான் இருந்தது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும், மூன்றும் வலுவானவை. முதலாவது, இந்த வேலைக்கு பீசோ சாதனங்களும், குழாயோடு கூடவே ஓடி அதிர்வையும் வெப்பத்தையும் அறியும் ஒளியிழைகளும் ஏற்கெனவே இருக்கும்போது, பாதி வெந்த ஆய்வகப் பொருள் எதற்கு? ஒளியிழையைப் பற்றியவரை இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். நீண்ட குழாய்க்கு இன்றைய தேதியில் அதுதான் ஒழுங்கான கருவி. பீசோவைப் பற்றியவரை அவ்வளவு எளிதாக விடமுடியாது. பரவலாகப் பயன்படும் பீசோ பீங்கானின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். சாம்பலோடு வந்த கன உலோகங்களே போதாதா இந்த ஆற்றுக்கு? மேலும் அந்தப் பீங்கானையும் பீசோ பிளாஸ்டிக் படலத்தையும் உயர் மின்னழுத்தத்தில் முனைவேற்றி எடுக்க வேண்டும். சூடு ஏறினால் அந்த முனைவு நழுவும், பிளாஸ்டிக்கில் 80 டிகிரியை ஒட்டியே நழுவத் தொடங்கும். வளைவு மின்விளைவுக்கு முன்கூட்டி ஏற்றிவைத்த முனைவு எதுவும் தேவையில்லை, ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. கொதிகலன் ஓரத்திலும் பற்றவைப்பு மூட்டுகளிலும் குழாய் திரும்பும் முழங்கைகளிலும் ஒட்டக்கூடிய மெல்லிய பட்டையாக அதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்: எழும் மின்னூட்டம் சிறிது நேரத்தில் கசிந்துவிடும். ஆகவே மாதக்கணக்கில் மெல்லச் சாயும் தூணை இது காட்டிக்கொடுக்காது. பாறை மோதுவதையும் அதிர்வு மாறுவதையும் காட்டும்.

இரண்டாவது மறுப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வருகிறது. அளந்த எண்கள் நம்பத்தகுந்தவைதானா? இந்தத் துறையில் கோட்பாடும் அளவீடும் நெடுநாள் சண்டையில் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் மாவும் கிராஸும் சில பீங்கான்களில் அளந்த மதிப்புகள் கணிப்பைவிடப் பல மடங்கு பெரியவை. 2016இல் ஆக்சிஜன் அணுக்களை இழக்கச் செய்து சற்றே மின்கடத்தியாக்கிய பேரியம் டைட்டனேட்டில் விளைவு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியது. காரணம் பொருளின் உட்பகுதியில் இல்லை, அதன் மேற்பரப்பு அடுக்கில் இருந்தது. இதைப் பார்த்து முழு விஷயமும் மாயை என்பவர்கள் அவசரப்படுகிறார்கள். மேற்பரப்பின் பங்கு எவ்வளவு, உட்பகுதியின் பங்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு. விளைவு இருப்பதில் தகராறு இல்லை. 2025இல் சாதாரணப் பனிக்கட்டியை வளைத்தும் இதே விளைவை அளந்திருக்கிறார்கள், இடிமேகத்தில் பனித்துகள்கள் மோதி மின்னேறுவதில் இதற்குப் பங்கிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். உணர்கருவி செய்பவருக்கு மின்சாரம் எந்த அடுக்கிலிருந்து வந்தால் என்ன? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் போதும். அந்த ஒரே மாதிரித்தன்மையை உப்புக்காற்றிலும் நிலக்கரித் தூசியிலும் இன்னும் யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கிண்டியிலுள்ள ஐஐடியிலிருந்து எண்ணூர் ஒன்றும் தொலைவில்லை.

மூன்றாவது மறுப்பு எண்ணூர்க்காரர்களிடமிருந்து வரும், மூன்றிலும் கூர்மையானது அதுதான். எங்கள் ஊரில் குறை உணர்கருவியில் இல்லை, உணர்ந்த பிறகும் அசையாதவர்களிடம் இருக்கிறது என்பார்கள். சாம்பல் கசிவு யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்ததில்லை. மீனவர்கள் மனு கொடுத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள், நாளிதழ்கள் படம் போட்டன. பத்து மில்லிவோல்ட் சைகை அதிகாரியின் நாற்காலியை அசைக்காது. இதற்கு இயற்பியலில் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நடப்பதைக் கவனித்தால், வழக்கின் பாதி காலம் எப்போது கசிந்தது, எங்கே கசிந்தது, யாருடைய குழாய் என்ற கேள்விகளிலேயே கரைந்துபோகிறது. கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோதும் அது யாருடையது என்று நிலைநாட்டவே நாட்கள் பிடித்தன. நேரமும் இடமும் பதிந்த ஒரு கோடு, தெரியாது என்று சொல்லும் வசதியைப் பறித்துவிடும். நிவாரணம் கேட்டு நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. அந்தக் கோடு ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே ஓடினால் மட்டுமே இந்த மூன்றாவது மறுப்பு முழுதாக வெல்லும்.

ஆகவே கோரிக்கை மின்வாரியத்திடம் இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். கடலடிக் குழாய்க்கும் சாம்பல் குழாய்க்கும் எண்ணெய்க் குழாய்க்கும் அடுத்த முறை இசைவாணை புதுப்பிக்கும்போது, வளைவையும் அதிர்வையும் அறியும் கருவிகளை மூட்டுக்கு மூட்டு பொருத்தவேண்டும் என்று நிபந்தனை எழுதட்டும். ஒளியிழையா, மென்படலமா, இரண்டுமா என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். அந்த அளவீடு பொதுமக்கள் பார்க்கும் பலகையில் வரவேண்டும். எச்சரிக்கைச் சங்கு ஆலைக்குள் ஒலிக்கும் அதே நொடியில் பெரியகுப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் ஒலிக்கவேண்டும்.